என் வரிக்கு எதிரே பூஜ்யம்

மார்ச் 2

கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். ஒருவர் ஏழு ஃபிரேம் போட்டுப் பார்த்துவிட்டு, பழையதே முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று போய்விட்டார். மகராசன்.

ஆறு மணிக்கு வந்ததும் ரேடியோவைப் பார்த்தேன். தங்கச்சியிடமிருந்து இன்றும் ஒன்றும் இல்லை. நான்கு நாள் ஆயிற்று. அவள் அணையில் நீர்மட்டம் பார்க்கிறாள். அங்கே போன் சிக்னல் கிடையாது. அவள் தட்டி அனுப்பும் கடிதம் ரேடியோவில் பல் டாக்டர் வீட்டு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வரும். டாக்டரும் நானும் சேர்ந்து ஆறு வருடத்துக்கு முன் போட்ட வழி.

நான் மன்னிப்புக் கேட்டு எழுதியது போய்ச் சேர்ந்ததாகத்தான் திரை சொல்கிறது. "நீ விருந்தாளி மாதிரி வந்து போ, அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கக் கூடாதுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காக இப்படியா?

மார்ச் 4

இல்லை. வீம்பு பிடித்தவள். எனக்கும் வீம்பு உண்டு. இனி எழுதுவதில்லை.

மார்ச் 5

எழுதினேன். அனுப்பத்தான் இல்லை.

மார்ச் 7

டாக்டருக்குப் போன் செய்து, என் பக்கம் ஏதாவது கோளாறா என்று கேட்டேன். "உன் பக்கம்தாம்மா இருக்கும். ஆன்டெனா கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கும், ஏறிப் பாரு" என்றார்.

ஏறினேன். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலேயே கண்ணாடிக் கடைக்கு ஒரு கிளை திறக்கப் போகிறாயா என்று கேலி செய்துகொண்டிருந்தார். மூன்று மணி நேரம். ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி மாட்டினேன். ஒரு சொட்டு தண்ணீர் இல்லை. முழங்கால் சிராய்ந்ததுதான் மிச்சம்.

ஆக, கோளாறு இல்லை. அவள்தான் எழுதவில்லை. அப்பா சாப்பிடும்போது, "சின்னவ என்ன சொல்றா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாளாம் என்றேன்.

மார்ச் 10

மனசு கேட்காமல் டாக்டர் நிலையத்தின் ரூட்டிங் டேபிளை, அதாவது கடிதங்கள் போகும் வழிப் பட்டியலை, வரவழைத்துப் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். எந்த அண்டை நிலையம் எவ்வளவு நம்பகமானது என்று ஒவ்வொரு வரியிலும் ஓர் எண் இருக்கும். அதிகபட்சம் 255. என்னுடையது எப்போதும் 192.

இன்று 0. பூஜ்யம் என்றால், இந்த வழியாக எதையும் அனுப்பாதே என்று அர்த்தம். பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

அந்தக் குறியை இயந்திரம் போடாது. ஆள் அந்த நிலையத்தின் முன்னால் உட்கார்ந்து கையால் எண்ணைப் பூட்டினால்தான் வரும். அந்த நிலையத்தின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் போடவில்லை.

என்னை ஏணியில் ஏறச் சொன்னாரே — ஏறச் சொன்னாரே பாவி மனுஷன்!

மார்ச் 11

கடைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அவர் வீட்டோடு இருக்கும் கிளினிக். பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் பழக்கதோஷத்தில் நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை.

கிழக்குக் குன்றில் புது ரேடியோ கிளப் வேகமான நிலையம் போட்டிருக்கிறதாம். என் வழி மெதுவாம். எல்லாக் கடிதமும் அந்தப் பக்கம் ஓடுகிறதா என்று பார்க்க என்னை இரண்டு நாள் அடைத்தாராம். அவர்கள் பாராட்டியதும் அப்படியே விட்டுவிட்டாராம். அந்தக் குன்றுக்கு என் வீடு கேட்காது என்று அவருக்குத் தெரியாதா?

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்று இழுத்தார்.

"தங்கச்சி லெட்டர் உங்க பெட்டியில நின்னுச்சே டாக்டர். கண்ணுல படலையா?"

"பட்டுச்சு. ஒன்பது நிக்குது. மத்தவங்க லெட்டர நான் தொறக்கறதில்லம்மா."

பெரிய யோக்கியர். என் எதிரிலேயே பூட்டை எடுத்தார்.

மாலை

ஒன்பதும் வந்துவிட்டன, வரிசையாக.

முதலாவது: "அக்கா, நான் கோவமா இல்ல. உன் லெட்டர் பாத்து அழுதுட்டேன்." மூன்றாவதில், உங்கள் ஊருக்கே மாற்றல் வந்திருக்கிறது, அப்பாவை இருவரும் பார்க்கலாம், எட்டாம் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், நான் வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். ஐந்து, ஆறு, ஏழு: என்ன அக்கா, பதிலே இல்லை. கடைசி எட்டாம் தேதி. "புரியுதுக்கா. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

ஏழாம் தேதி நான் ஏணி மேல் இருந்தேன்.

மார்ச் 12

நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டதாம். "அடுத்த வருஷம் மறுபடி கேக்கறேன்கா" என்கிறாள். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 18

நான்கு ஞாயிறு வேலை பிடித்தது. ஆன்டெனா கம்பத்தை இரண்டு ஆள் உயரம் கூட்டி அணைப் பக்கம் திருப்பினோம். இவர் கேலி எதுவும் செய்யவில்லை. இன்று அணை நேராகக் கேட்டது, மிக மெல்ல.

டாக்டர் மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை. என் டேபிளில் அவர் வரிக்குப் பூஜ்யம் போட விரல் போனது. போடவில்லை, அந்த வழியாகப் போகிற ஊரார் கடிதம் என்ன பாவம் செய்தது. 192 என்றே இருக்கட்டும்.

அணை வரியில் மட்டும் என் கையால் ஆச்சரியக்குறி போட்டேன். எண் வெறும் 40. நாலு வரி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிறது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

வரட்டும், மெதுவாகவே வரட்டும். நடுவில் யாரும் இல்லை.