ஒரே வாரத்தில் இரண்டு ஞாயிறு

ஹொனலுலு,
செப்டம்பர் 9

என் பெனினாவுக்கு யாகோபோவின் முத்தங்கள்.

போனில் சொன்னால் நீ திட்டுவாய். அதனால் ஊருக்கு வருகிற தம்பி கையில் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன்! அக்டோபரில் பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம் விமானம். ஐந்தரை மணி நேரம்தான். சாயங்காலம் ஆப்பியாவில் இறங்கி, உன் கையால் சாப்பிட்டுத் தூங்கி, காலையில் சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்து நம் திரேசா வசனம் சொல்வதைக் கேட்பேன். ஹோட்டல் சமையலறையில் சனியிலிருந்துதான் லீவு கொடுத்தார்கள். பிள்ளையிடம் சொல்லிவிடு.

உன் யாகோபோ

ஆப்பியா,
செப்டம்பர் 17

அன்புள்ள அசடே,

சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இரண்டு வருஷமாக இதோ வருகிறேன் என்று ஏமாற்றினாய். “இந்தத் தடவையும் வரலேன்னா, அப்பா போன் பண்ணா நான் பேசவே மாட்டேன்” என்கிறாள் உன் மகள். எட்டு வயசுக்கு என்ன ரோஷம்! உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

அட மனுஷா, ஊரான் ஹோட்டலில் சமைத்துச் சமைத்து நம் கிழமையையே மறந்துவிட்டாயா? அங்கே சனி என்றால் இங்கே ஞாயிறு. நடுவில் தேதிக்கோடு கிடக்கிறதே! நீ வந்து இறங்கும்போது ஞாயிறு சாயங்காலம். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

படித்ததும் அழுதேன். அப்புறம் யோசித்தேன். டிக்கெட்டைப் பக்கத்துத் தீவு பாகோ பாகோவுக்கு மாற்று. தூரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் அது கோட்டுக்கு உன் பக்கம். சனிக்கிழமையே இறங்கிவிடலாம். இங்கே ஞாயிறைக் கொண்டாடிவிட்டு, திங்கள் காலை நானும் அவளும் குட்டி விமானம் ஏறுகிறோம். அரைமணி நேரத்தில் அங்கே இறங்கினால் ஞாயிறு காலை! அங்கே இருக்கிற என் அக்கா சியெனி, தான் போகிற சர்ச்சின் போதகரிடம் பேசிவிட்டாள். திரேசா இன்னொரு தடவை வசனம் சொல்லட்டும்.

நீ வரவில்லை என்றால், பெரியம்மாவைப் பார்க்க வந்தோம் என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

பெனினா

ஹொனலுலு,
செப்டம்பர் 26

கண்ணே பெனினா,

மாற்றிவிட்டேன். வெள்ளைச் சட்டையும் தைக்கக் கொடுத்திருக்கிறேன். நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்! ஆனாலும் பயமாயிருக்கிறது. பிள்ளை என்னிடம் வருவாளா?

யாகோபோ

ஆப்பியா,
அக்டோபர் 20

அன்புள்ள யாகோபோ,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா? பாகோவில் பிள்ளைகளின் பந்தியில் நீ அவள் தட்டில் தேங்காய்ப்பால் கீரையை அள்ளி அள்ளி வைத்தாயே, சியெனி இன்னும் சிரிக்கிறாள்.

“என்னைப் பார்த்துத்தான் பிள்ளை வசனத்தை மறந்துட்டா, நான் வந்திருக்கவே கூடாது” என்று விமான நிலையத்தில் கண் கலங்கினாய். எனக்கும் புரியவில்லை. முந்தின நாள் இங்கே தடங்கலில்லாமல் ஒப்பித்தவள், அங்கே மேடையில் வாய் திறக்காமல் அவ்வளவு நேரம் நின்றாளே! வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“மறக்கலம்மா. சொல்லி முடிச்சா கீழ இறங்கிடணும்ல? அங்க நின்னாத்தான் அப்பா நல்லாத் தெரிஞ்சாரு.”

அடுத்த தடவை வரும்போது, திரும்பிப் போக டிக்கெட் எடுக்காதே.

உன் பெனினா