களனிப் பாலத்தில் அம்மா

கொட்டாஞ்சேனை,
14.06.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. கொழும்பு வெக்கைதான் இன்னும் பிடிக்கவில்லை. நீங்களும் அண்ணியும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

நீங்கள் எழுதியபடி நேற்று அம்மாவைக் களனி விகாரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே வைத்து மெல்லக் கதைத்து, திரும்பும் வழியில் பேலியகொடையில் இறங்கி, சட்டத்தரணி கனகசபாபதியின் அலுவலகத்தில் கையெழுத்து வாங்குவதாகத்தான் இருந்தேன். சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோன அப்பா இறந்துவிட்டார் என்று அம்மா சத்தியக்கடதாசி கொடுத்தால் உங்களிடம் வர விசா சுகமாகக் கிடைக்கும் என்ற உங்கள் நியாயம் எனக்கு விளங்காமலில்லை.

வீட்டுக்கார டோரின் அக்காவும் வந்தார். சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் கூட இருப்பது நல்லது. கிராண்ட்பாசிலிருந்து பேலியகொடைக்குப் போகிற அந்தப் பாலம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். விமானம் ஏற அதன் வழியாகத்தானே போனீர்கள். இப்போது இந்தப் பக்கத்தில் காவலரண் போட்டிருக்கிறார்கள். பஸ்சிலிருந்து எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். அதனால் பாலம் வருமுன்னே தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்துவிடுவோம். அட்டையில் பெயர் இருக்கும்போது இதனால் என்ன பயன் என்று ஒருவரும் கேட்பதில்லை. பழகிவிட்டது.

டோரின் அக்கா தன் வீட்டில் தங்கும் பெண்களுக்கெல்லாம் செய்வதுபோல, கைலேஞ்சியை நனைத்து, எட்டி அம்மாவின் குங்குமத்தைத் துடைத்துவிட்டார். அவர் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், பிழையாக ஒன்றும் நினைக்கவில்லை. நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

காவலரணில் இறங்கினோம். அம்மாவின் அட்டைப் படத்தில் பெரிய பொட்டு, எதிரே வெறும் நெற்றி. ஆமிக்காரப் பெடியன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்து, பொட்டு எங்கே, ஏன் ஒளிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். வியர்வையில் போய்விட்டது தம்பி, உன் அம்மா பூசுகிற பவுடர் மட்டும் பின்னேரம்வரை நிற்குமா என்றார் டோரின் அக்கா. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டுவிட்டான்.

பஸ் பாலத்தில் ஏறியதும் அம்மா கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தார். குலுக்கலில் விரல் நிற்கவில்லை. முன்னால் தாமரைப்பூவோடு இருந்த சிங்கள மனிசி ஒருவர் திரும்பிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தன் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொட்டை வைத்து முடித்த பிறகுதான் அம்மா டோரின் அக்காவோடு கதைத்தார்.

“பிள்ளை, கொண்டுபோனவையே அவர் செத்துப்போனார் எண்டு இன்னும் சொல்லேல்லை. நான் ஏன் முந்தவேணும்?”

டோரின் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அழத் தொடங்கிவிட்டார். அம்மாதான் அவரைத் தேற்றினார்.

விகாரைச் சுவர்ச் சித்திரங்கள் புத்தகங்களில் பார்த்ததைவிட அழகாக இருக்கின்றன. விபீஷணனுக்கு அங்கே தனிக் கோயில் உண்டு. அம்மா அதன் முன் நின்று, “வீட்டாரை விட்டிட்டுக் கடல் கடந்து போனவருக்கும் கோயில் கட்டியிருக்கினம்” என்றார். உங்களைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். டோரின் அக்கா சிரித்த சிரிப்பில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ் பேலியகொடையில் நின்றது. நான் எழும்பவில்லை. கனகசபாபதியிடம் நாளைக்கு மன்னிப்புக் கேட்பேன்.

அண்ணா, அப்பா வருவார் என்று நான் சொல்லவில்லை. நான் என்ன நினைக்கிறேன் என்பதை அம்மா இருக்கிற அறையில் நினைப்பதுகூட இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை என்னால் கேட்கமுடியாது. நீங்களும் கேட்கவேண்டாம். காணாமற்போனவரின் மனைவி என்று விண்ணப்பிக்க வழியுண்டா என்று அங்கே விசாரியுங்கள். இல்லையென்றால் அம்மா என்னோடு இருக்கட்டும். புறக்கோட்டையில் எனக்கு வேலை இருக்கிறது, சமாளிப்போம்.

இன்னுமொன்று. சில கடிதங்களாக நீங்கள் அப்பாவைப் பற்றி விசாரிப்பதில்லை. அம்மா வாசித்து முடித்ததும் தாளைத் திருப்பி மேலிருந்து மறுபடி பார்க்கிறார். அடுத்த கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஏதாவது தெரியவந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதான். என்றாலும் கேளுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
நேசமலர்