பெரட்டுக்குப் போன அக்காவும் பேராசிரியரின் கட்டுரையும்

அன்புள்ள அக்கா,

நீ புத்தகத்தில் வந்திருக்கிறாய். உயிரோடு இருந்த காலத்தில் உன் பேரைச் சரியாகக் கூப்பிட ஒரு கங்காணிக்கும் மனசு வந்ததில்லை. இப்போது கொழும்பில் அச்சாகும் டொக்டர்மார் சஞ்சிகையில், இங்கிலீஷில், முழுசாக ஒரு பத்தி. பேர் மட்டும் கிடையாது. பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த பெண், இரண்டு பிள்ளைகளின் தாய் என்று போட்டிருக்கிறார்கள்.

நீ போன பிறகு நான் பண்டாரவளையில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்துவிட்டேன். மருந்துப் பேர்களை வாசிக்கவும் கொஞ்சம் இங்கிலீஷ் பேசவும் கடை முதலாளி நானாதான் பழக்கினார். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் அந்தச் சஞ்சிகையை மேசையில் விட்டுப்போக, நானா அதை வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார்.

எழுதியவர் ஒரு பேராசிரியர். கிருமியைக் கொல்லும் மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால் மிஞ்சிய கிருமி பலம் பிடித்துக்கொள்ளும், பிறகு அந்த மருந்துக்கு அடங்காது என்கிறார். அது சரிதான். சரியானதைச் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தில் பழி போட ஆள் தேடியிருக்கிறார். யாரால் இந்தக் கேடு? தோட்டத்துச் சனத்தால். காய்ச்சல் விட்டதும் தாங்களே மருந்தை நிறுத்திவிடுகிறார்களாம். அறியாமையாம். அதற்கு உதாரணம் நீ.

நம்ம தோட்டத்தில் மருந்தை நிறுத்துவது யார்? காலையில் போய் டிஸ்பென்சரி வாசலில் நிற்கவேண்டும். உடம்பில் சூடு இருந்தால் டிஸ்பென்சர் அன்றைக்குள்ள காப்சூலைக் கொடுப்பார், வேலைக்கும் போகவேண்டாம். சூடு இறங்கியிருந்தால், "பெரட்டுக்குப் போ" என்பார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போகிறவள் சுகமான ஆள், அவளுக்கு எதற்கு மருந்து? இதுதான் அங்கே வைத்தியம். நெஞ்சில் சளி கட்டியிருந்த உன்னை இப்படி இரண்டு தடவை மழையில் கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். மூன்றாம் தடவை அதே காப்சூல் உனக்குக் கேட்கவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றும்போது உனக்குப் பேச்சே இல்லை.

பேராசிரியர் விசாரிக்காமல் எழுதவில்லை, அதையும் சொல்லவேண்டும். நீ போன கையோடு தோட்டத்துக்கு வந்தார். எழுதி முடிக்கத்தான் இத்தனை வருஷம். தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவில் தங்கினார். நாம் குடியிருக்கிற லயத்துக்கு ஏறுகிற பாதையில் அட்டை கடிக்கும் என்று யாரோ சொன்னதால் ஏறவில்லை. மச்சானைக் கீழே கூப்பிட்டார்கள். பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது, அதனால் மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டார். யாரை? அதே டிஸ்பென்சரை!

"காய்ச்சல் விட்டப்புறம் ஒம் பொஞ்சாதி மருந்து சாப்பிட்டாளா?"

"இல்லீங்க ஐயா, சாப்பிடல."

மச்சான் சொன்னது பொய்யில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்க அவ்வளவு படித்தவருக்குத் தோன்றவில்லை. இதைக் கடையில் சொன்னபோது நானா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கொழும்புல இருந்து இவ்வளவு தூரம் வந்த மனுசனுக்கு, இன்னும் கொஞ்சம் ஏறேலாம போச்சா?" என்றார்.

கட்டுரையின் கடைசியில் பேராசிரியர் பரிகாரமும் எழுதியிருந்தார். தோட்ட மக்களுக்கு அறிவூட்ட வேண்டுமாம். ஊட்டினார்கள். மருந்தை முழுவதும் சாப்பிடுங்கள் என்று டிஸ்பென்சரிச் சுவரில் பெரிய படம் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அந்த டிஸ்பென்சர் இன்னமும் ஒவ்வொரு நாள் மருந்தாகக் கிள்ளிக் கொடுக்கிறார்.

இதோடு விட்டிருந்தால் காறித் துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். போன மாதம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சுகாதார விழா வைத்தார்கள். பேராசிரியர்தான் பிரதம விருந்தாளி. அவர் கட்டுரையை வைத்தே ஒரு நாடகம். மருந்தை வீசி எறிந்துவிட்டுச் செத்துப்போகிற ஒரு பெண். அந்த வேஷத்துக்கு நன்றாக அழத் தெரிந்த பிள்ளை வேண்டுமென்று யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? உன் மூத்த மகள் செல்வியை. நீ போனபோது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு என்ன தெரியும்?

விழாவுக்கு முன்னால் லீவுக்கு லயத்துக்குப் போன என்னிடம் வசனத்தை ஒப்பித்தாள். "எனக்குச் சுகமாகிவிட்டது, இனி மருந்து எதற்கு?" என்று கையை வீசிக் காட்டினாள். பிறகு கேட்டாள், "ஏன் மாமா, இந்தப் பொம்பளைக்குக் கொஞ்சங்கூட அறிவில்லையா?"

அக்கா, பெற்ற பிள்ளையின் வாயாலேயே உன்னை மடச்சி ஆக்கிவிட்டார்களே! "அது ஒங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். செல்வி அழவில்லை. நாடகத்துக்குப் போகாதே என்றேன். "போறேன் மாமா" என்றாள், அவ்வளவுதான்.

விழாவன்று முன்வரிசையில் பேராசிரியர் மாலையோடு இருந்தார். பக்கத்தில் கோட்டுப் போட்ட டிஸ்பென்சர். பின்னால் இடமில்லாமல் கொழுந்துப் பெண்கள் நின்றார்கள். மேடையில் டொக்டர் வேஷம் போட்ட பிள்ளை பொட்டலத்தை நீட்டியது. செல்வி வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். எறியவில்லை. மேடை ஓரத்துக்கு வந்து, கீழே இருந்த டிஸ்பென்சரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஐயா, மிச்ச மருந்தையும் குடுங்க. நான் பெரட்டுக்குப் போனாலும் குடுங்க."

 பிறகு பின்னாலிருந்து ஒருத்தி "குடுங்க" என்றாள். இன்னொருத்தியும் சொன்னாள். மச்சானும் சொன்னார். நாடகம் நன்றாகப் போகிறது என்று நினைத்துப் பேராசிரியர் கைதட்டினார். பிள்ளை என்ன சொல்கிறது என்று பக்கத்தில் கேட்டார். டிஸ்பென்சர் வாயைத் திறக்கவில்லை. நான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கைதட்டுவது நின்றது.

டிஸ்பென்சரி திருந்திவிட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். திருந்தவில்லை. ஆனால் இப்போது சூடு இறங்கினவர்களும் வாசலை விட்டு நகராமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உன் பிள்ளைகளுக்கு முன்னால் உன்னை அறிவில்லாதவள் என்று சொல்ல இனி எந்தப் பேராசிரியரையும் விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உன் தம்பி,
செல்வியின் மாமன்,
ராசு