நாற்பது வினாடி தாமதம்

கண்ணு,

உன் பழைய டிவிகளைப் பார்க்க இன்று பெங்களூர் அருங்காட்சியகத்திலிருந்து ஸ்வாதி என்ற பெண் நம் வீட்டுக்கு வந்தாள். கேமரா முன் நிற்பவரை நாற்பது வினாடி கழித்துத் திரையில் காட்டும் உன் படைப்பைப் பாதுகாக்கப் போகிறார்களாம். புதிய டிஸ்கில் ஏற்றுமுன் பழுதுகளைக் குறித்துத் தரச் சொன்னாள். சிப்காட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ரிஜெக்ட் பொறுக்குகிறவன் நான், விடுவேனா? தேறாததற்கெல்லாம் சிவப்பு அட்டை, தேறியதற்குப் பச்சை என்று கட்டிவிட்டேன்.

அவள் தந்த படிவத்தில், 'கலைஞரிடம் நேரில் கேட்க முடியுமா?' என்றொரு கேள்வி இருந்தது. அதை மட்டும் நிரப்பவில்லை.

மூன்றாவது டிவியில், எதிரே யாரும் நிற்காதபோதும் ஒரு கை குறுக்கே போகிறது. அதற்கும் சிவப்புதான் கட்டியிருந்தேன்.

"சார், இது ஏதோ பழைய பதிவு, டிஸ்க்ல தங்கிடுச்சு. சிவப்பு கட்டுனதெல்லாம் புது டிஸ்க்ல வராது. எடுத்துடட்டுமா?" என்றாள் ஸ்வாதி.

உன் அம்மா ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"எதை எடுக்கறது? அது அவ கை. கேமராவத் தொடைக்கறா. தெனமும் நீங்க வேலைக்குப் போனப்புறம் நான் இதுக்கு முன்னால வந்து நிக்கறேன்."

எனக்கு அது தெரியாது, கண்ணு.

திரையில் மறுபடி போன கையைக் குனிந்து பார்த்தேன்; சுண்டுவிரலில் உன்னைச் சால்டரிங் கம்பி சுட்ட தழும்பு இருந்தது. சிவப்பை அவிழ்த்துப் பச்சை கட்டினேன். பழுதென்று தெரிந்தே பச்சை கட்டியது இதுதான் முதல்முறை.

பிறகு நானும் கேமரா முன் நின்றேன். நாற்பது வினாடி கழித்துத் திரைக்கு வந்தேன். உன் கை என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனது.

அப்பா