மூலைத் தகரம் யாருடைய வேலை

1997 பெப்ரவரி 9, ஞாயிறு

வெளியே மைனஸ் பதினெட்டு. பேஸ்மென்ற்றுக்கு இறங்கி உறைபெட்டியில் இருந்து மீன் எடுத்து வந்தேன். சுவரெல்லாம் ட்ரைவோல் போர்ட் என்கிற சுண்ணப்பலகை அடித்து முடிந்துவிட்டது. மூலைகள் மட்டும் வெட்டின பாண் மாதிரி உள்வெள்ளை தெரிய நிற்கின்றன. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

என் வீட்டுக்காரர் செல்வரட்ணம் போர்ட் அடிக்கிறவர். என் தம்பி கிருபன் அதன்மேல் மட் என்கிற சாந்து பூசி மினுக்குகிறவன். ஸ்ரௌவ்வில், மார்க்கம் ஊர்களில் எழும்புகிற புது வீடுகளுக்கு ஒரே வாகனத்தில் வேலைக்குப் போய் வந்தவர்கள். கலியாணம் முடித்தால் கிருபன் இருக்கட்டும் என்றுதான் இந்தப் பேஸ்மென்ற்றையும் தொடங்கினார்கள். தைப்பொங்கலன்று வந்தது வினை. இவர் தன் ஒன்றுவிட்ட அக்காவின் மகளுக்கு அவனைக் கட்டிவைப்பதாக, அவனிடம் ஒரு சொல் கேட்காமல், வாக்குக் கொடுத்துவிட்டார். வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் அவன், "நான் துர்க்காவைத்தான் கட்டப்போறன் அத்தான். என்னைக் கேக்காமல் ஏன் வாக்குக் குடுத்தனீங்கள்?" என்றான். அன்றிலிருந்து இருவருக்கும் கதை பேச்சில்லை. தம்பி வேறு ஆட்களோடு வேலைக்குப் போகிறான்.

பிழை யாரில்? வாக்குக் கொடுத்தவரில்தான். இதை இங்கே மட்டும்தான் எழுதலாம்.

பெப்ரவரி 16

வெளிப்பக்கம் நீட்டி நிற்கிற மூலைகளுக்குத் தகரத்தில் ஒரு கோணம் வைத்து ஆணி அடிக்க வேண்டும். கோர்னர் பீட் என்பார்கள். அது இல்லாமல் மட் பூசினால் ஆள் உரசினாலே மூலை உதிரும். சரி, அது யாருடைய வேலை? போர்ட் அடிக்கிறவன் மட் பூசுகிறவனைக் கை காட்டுவான். அவன் இவனைக் கை காட்டுவான். முன்பு என்றால் இருவரும் பகிடி விட்டபடி ஆளுக்குப் பாதி அடித்துவிடுவார்களாம்.

இப்போது இவர், "என்ர வேலை போர்ட்டோடை முடிஞ்சுது" என்கிறார்.

தொலைபேசியில் அவன், "பீட் அடிச்சிருந்தால் நான் எப்பவோ வந்து பூசியிருப்பன் அக்கா" என்கிறான்.

ஐந்தே ஐந்து மூலை. ஒரு பின்னேர வேலை.

பெப்ரவரி 28

"அத்தான் உன்னைச் சுகம் கேட்டவர்" என்று தம்பிக்குச் சொன்னேன். "அவர் கேட்டிருக்க மாட்டார் அக்கா" என்றான். பொய்யும் ஒழுங்காக வராது எனக்கு.

மார்ச் 10

தையல் ஃபக்ரரியில் என்னோடு சேர்த்துப் பதினொரு பேரை வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டார்கள். அதைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தம்பியின் அழைப்பு. மே 17 கலியாணம். அந்த மாத முடிவில் கல்கரிக்குப் போகிறார்களாம். துர்க்காவின் சித்தப்பா அங்கே வேலை எடுத்துத் தருகிறாராம்.

"இஞ்சை இருந்து என்ன செய்யிறது அக்கா? அத்தான்ர கோபத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

கல்கரி! பிளேனில் நாலு மணித்தியாலம். இந்த நாட்டில் எனக்கென்று கூடப்பிறந்தவன் அவன் ஒருவன். அழுதேன். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பவும் அழுதேன்.

மார்ச் 12

யாருடைய வேலையும் இல்லையென்றால் என்னுடைய வேலை. கடைக்குப் போய் எட்டடித் தகரம் ஐந்து வாங்கினேன். பஸ்காரன் ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். தோளில் வைத்துக்கொண்டு மார்க்கம் ரோட்டால் நடந்தேன். காற்றில் ஐந்தும் ஆடி அடிபட்டு ஒரே சத்தம். கார்க்காரர் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 13

தையற்காரி புத்தி என்னை விடவில்லை. துணியைக் கூட விட்டு வெட்டினால் பிறகு சரிப்பண்ணலாம். குறைய வெட்டினால் போச்சு. அதையே தகரத்துக்கும் செய்தேன். சீலிங்குக்கும் நிலத்துக்கும் நடுவே இறுக்கித் தட்டி ஏற்ற, நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் ஆணி அடித்தால் மறுபக்கம் எழும்புகிறது. பெருவிரலில் வெட்டு வேறு. யோகராணி, உனக்கு ஏன் இந்த வேலை?

மார்ச் 14

இவர் வேலையால் வந்து படியில் நின்று பார்த்தார். நான் திரும்பவில்லை.

"நிலத்திலை முட்டக் கூடாது. மேலை முட்டக் குடுத்து, கீழை அரை இஞ்ச் விடோணும்."

"ஏன்?"

"வீடு அசையும். இடமில்லாட்டித் தகரம் வெளியாலை தள்ளும். அந்த அரை இஞ்ச் இடைவெளியைச் சுவரடியிலை அடிக்கிற பலகை மூடும்."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். உதவிக்கு வரமாட்டாராம். பிழையான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஏலாதாம். என்ன மனிசன் இது!

மார்ச் 21

ஐந்தும் முடிந்தது. தம்பிக்குச் சொன்னேன்.

"ஆர் அடிச்சது?"

"நான்தான்."

சிரித்தான். பிறகு, "அத்தான் இல்லாத நேரம் வந்து பூசிறன்" என்றான்.

மார்ச் 27

இவர் வேலைக்குப் போன பிறகு தம்பி வந்து பூசுகிறான். ஒரு பூச்சுக் காய ஒரு நாள், பிறகு அடுத்தது. இன்றோடு மூன்று பூச்சு. படிமூலையில் நான் அடித்த தகரம் கால் அங்குலம் சரிந்துவிட்டது. முதல்நாளே மட்டம் வைத்துக் காட்டினான். வெட்கமாகப் போய்விட்டது. கழற்றவா என்று கேட்டேன்.

"விடுங்கோ அக்கா, நான் பாக்கிறன்."

அந்த இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு சாந்தை மெல்லிசாக இழுத்துக்கொண்டே போனான். சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டான். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான், விருந்தாளி மாதிரி. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 5

இவர் தனியே கீழே இறங்கினார். பின்னாலே போனேன். படிமூலையில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார்.

"இது சரிவு."

"ஓம். நான் அடிச்சது."

இன்னொரு தரம் தடவினார். "உவன் நல்லா மறைச்சிருக்கிறான்."

எண்பது நாளுக்குப் பிறகு இவர் வாயால் அவனைப் பற்றி வந்த முதல் சொல். பேசினால் கெட்டுவிடும் என்று மேலே ஏறி வந்துவிட்டேன்.

மே 17

கலியாணத்துக்கு இவர் வரவில்லை. சேர்ட்டை அயர்ன் பண்ணிக் கட்டிலில் வைத்தேன். "நீ போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இடத்தில் நாங்கள் இருவரும் நிற்க வேண்டியது. சோடியாக நிற்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பொன்னம்பலம் அண்ணையும் அவர் பெண்சாதியும் நின்றார்கள். நான் பக்கத்தில் தாம்பாளம் பிடித்தேன். கலியாணத்துக்கு வந்திருந்த சந்திரவதனா அன்ரி எல்லாருக்கும் கேட்க, "எங்கை பிள்ளை உம்மடை அவர்?" என்று கேட்டா. வேலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வரேல்லை அன்ரி. கோபம்."

தம்பி மணவறையில் இருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எனக்கு அழுகை வரவில்லை, ஆச்சரியம்தான். நாலு மாதமாக அங்கே ஒன்றும் இங்கே ஒன்றும் சொல்லிக் களைத்துப் போனேன். இனி முடியாது.

மே 24

சாப்பிடும்போது இவர் கோப்பையைப் பார்த்தபடி, "கீழுக்கு வாடகைக்கு ஆள் பாக்கவோ, இல்லாட்டி உவை வருவினமோ எண்டு தம்பியைக் கேள்" என்றார்.

ஓடிப்போய்த் தொலைபேசியைத் தூக்கினேன். பாதி நம்பரில் கை நின்றது. நான் கேட்டால் அவன் நம்பமாட்டான். அக்காவின் இன்னொரு பொய் என்றுதான் நினைப்பான்.

"நீங்களே கேளுங்கோ" என்றேன்.

முகம் கறுத்துவிட்டது இவருக்கு. கல்கரி டிக்கெற் 31ஆம் திகதி.

மே 26

இவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது — என் வீம்பால் தம்பியை இழக்கப் போகிறேனா?

மே 29

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் தொலைபேசியில் நம்பரை அழுத்தினார், என்னிடம் கேட்காமலே. எடுத்தது கிருபன்தான் என்று இவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தொலைபேசி வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"உன்ர கட்டில் எத்தினை அடி அகலம்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னானோ.

"இல்லை, எங்கடை படி ஒடுக்கம். திருப்பி இறக்கலாமோ எண்டு பாக்கத்தான்."

பிறகு, "ஐஞ்சடியோ? இறக்கலாம்" என்றார்.

மன்னிப்பு இல்லை, வாக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. வைத்துவிட்டு, "என்ன கறி?" என்று கேட்டார். அழுதது வெங்காயத்தால் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஜூன் 1, ஞாயிறு

நேற்றுக் கல்கரிக்குப் பறந்திருக்க வேண்டியவர்களின் கட்டில் எங்கள் படியில் சிக்கியிருக்கிறது.

"மேலை தூக்கடா!"

"தூக்கிறன் அத்தான், நீங்கள் தள்ளாதேங்கோ!"

பிறகு படிமூலைத் தகரம் இடிபட்ட சத்தம். "நான் அப்பவே சொன்னனான்." "எங்கை சொன்னனீங்கள்?" இருவரும் ஒரேயடியாகக் கத்துகிறார்கள். நடுவில் துர்க்கா சிரிக்கிற சத்தமும் கேட்கிறது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. நான் மேலே குசினி மேசையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.