வெயிலில் வைத்த பெரணிகள்

இன்று காலை அச்சுக்கூடத்துக்குப் புறப்பட்டபோது, கீழ் வீட்டுக்காரி தேங்காய் மட்டைகளைத் தொட்டியில் ஊறப்போட்டிருந்தாள். அந்த ஊறல் வாசனை மூக்கில் ஏறியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்தவரை நம் அறையில் அந்த வாசனைதான். உன் பெரணிச் செடிகளுக்கு மட்டையைத்தான் மெத்தையாகப் போட்டிருந்தாய்.

கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள், சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் ஒரு வளையலாவது கேட்டாயா? தெருக்கிணற்றின் உட்சுவரில் முளைத்திருந்த பெரணிகளை வேரோடு பெயர்த்து வந்து, குளிக்கும் மூலையில், வெயில் எட்டாத இடத்தில் மூன்று சட்டிகளில் வைத்தாய். மட்டை காயாமல் கையால் தண்ணீர் தெளிப்பாய்.

"பூக்காது, காய்க்காது, ரசத்துல கிள்ளிப் போடவும் ஆகாது. இதுக்கா இத்தனை சீராட்டு?" என்று நான் கேலி செய்வேன்.

"சுருண்டு கிடக்கிற கொழுந்து விரியிறதைப் பாருங்க. அதுக்கு மேல பூ எதுக்கு?" என்பாய்.

பிறகு இருமல் வந்தது. அறையில் ஈரம் ஆகாது என்றார் மருத்துவர். உன்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, நீ படித்துப் படித்துச் சொன்னாய்: "கீழ கொண்டுபோய் நிழல்ல வைங்க. தினம் ரெண்டு கை தண்ணி தெளிங்க, போதும்."

வீடு திரும்பி அந்தச் சட்டிகளைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. உன் நெஞ்சைக் கெடுத்த ஈரம் காய்ந்து தொலையட்டும் என்று மொட்டை மாடியில், உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது இலைகள் தொட்டதும் நொறுங்கின.

தினமும் மாலையில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நீ முதலில் கேட்டது அவற்றைப் பற்றித்தான்.

"தண்ணி தெளிச்சீங்களா?"

"தெளிச்சேன்."

"கொழுந்து விட்டிருக்கா?"

"ரெண்டு ரெண்டு விட்டிருக்கு. நடுச் சட்டியில மூணு."

வாய் கூசாமல் சொன்னேன். உன் முகம் தெளிவதைப் பார்க்கும் ஆசையில் நாளுக்கொரு கொழுந்து கூட்டினேன்.

ஒருநாள், "ஒரு இலை கிள்ளிட்டு வாங்களேன், பாக்கணும்போல இருக்கு" என்றாய். ரோச்சோர் கால்வாய்ச் சுவரில் ஏதோ ஒரு பெரணி தொங்கிக்கொண்டிருந்தது. பெரணியில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்று, அதில் ஒரு இலையைக் கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

நீ வாங்கியதும் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாய். நம் செடிகளுக்கு அங்கே விதைப்பொடி பொட்டுப் பொட்டாக இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இதில் ஓரம் முழுக்கக் கோடாக ஓடியது. வெகுநேரம் பார்த்தாய். "நல்லா வளந்திருக்குங்க" என்று சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாய்.

மறுநாள் மாலை ஒரு புதுப்பொய்யோடு வந்தேன். நீ செடிகளைப் பற்றிக் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாய். அன்று முதல் நீ உயிரோடு இருந்த ஒன்பது நாளும் அதையே கேட்டாய்.

என்னைத் திட்டியிருக்கலாமே நீ! நான்தான் காயவைத்தேன் என்று சொல்ல எனக்கு ஒன்பது மாலைகள் இருந்தன. சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயோ, நான் தலைகுனியக் கூடாது என்று விட்டுவிட்டாயோ, எனக்குத் தெரியாது. இன்றும் வேலை முடிந்து படியேறும்போது, அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.