மாற்குவில் வைத்த ரிப்பன்

ஏனுங்க,

நான் உடுமலைக்கு அக்கா ஊட்டுக்குக் கெளம்பிட்டனுங்க. நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்பலை. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது, சட்னி பிரிட்ஜ்ல. வாசிங் மெசின் பாக்க ஆள் வருவாருங்க, அதுவரைக்கும் ஊட்டைப் பூட்டிட்டுப் போயிராதீங்க.

"வருசா வருசம் ஆதியாகமத்துல ஆரம்பிக்கறீங்க, லேவியராகமத்துல பலிச் சட்டம் வந்ததும் படுத்துக்கறீங்க"ன்னு அன்னிக்குச் சொல்லிப்போட்டேன். அதுக்காக பைபிளையே மூடி வச்சுட்டா எப்படிங்க? ஒரே வருசத்துல முடிக்கோணும்னு யாரு கேட்டாங்க? அந்த ஒரு வருச வாசிப்பு அட்டவணையைக் கிழிச்சுப்போட்டேன். மாற்கு சுவிசேஷத்துல ரிப்பன் வச்சிருக்கறேன். தெனமும் பத்து வசனம் போதும். ஆனா முன்ன மாதிரி சத்தமா படிக்கோணும்.

— சுகிர்தா

காப்பி பிளாஸ்க்குல இருக்குது, எழுத மறந்துட்டேன்.

இன்னொண்ணுங்க. காலைல நீங்க படிக்கறப்போ மட்டும் சமையக்கட்டுல நான் பாத்திரத்தை உருட்ட மாட்டேன், கவனிச்சிருக்கீங்களா? நீங்க படிக்கறதைக் கேக்கறதுதானுங்க எனக்கு வேத வாசிப்பு. நீங்க நிறுத்துனதுல இருந்து நானும் பட்டினிதான்.

அதனால இன்னிக்கு நான் இல்லாதப்போ ஆரம்பிச்சுறாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்தர்றேன்.